ஒரே புகைபோக்கி, இரு அமைச்சகங்கள்!

புது தில்லி: காற்று மாசைக் கட்டுப்படுத்துவது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. கரியமில வாயுவைக் குறைப்பதற்கான கார்பன் வர்த்தகமோ மின்துறை அமைச்சகத்தின் சட்டத்தில் அடங்கியது. இந்த இரண்டுக்கும் இடையே விடுபட்டு நிற்கிறது, ஹைதராபாதை அடுத்த படான்செரு.

மருந்து, ரசாயன ஆலைகள் மிகுந்த படான்செரு - பொல்லாரம் பகுதி, மாசு மிகக் கடுமையான 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாக 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் பட்டியலிடப்பட்டது. 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய தூய காற்றுத் திட்டத்திலும் ஹைதராபாதுடன் படான்செரு இடம்பெற்றது.

ஆனால், நிதி சென்ற திசை வேறு. தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாடு முழுவதும் இத்திட்டத்தில் செலவான தொகையில் 64 சதவீதம் சாலைப் புழுதியைக் குறைப்பதற்கே போனது. தொழிற்சாலை மாசுக்குக் கிடைத்தது 0.61 சதவீதம் மட்டுமே. நகரங்களின் செயல்பாடு பெரும்பாலும் பி.எம். 10 துகள் அளவைக் கொண்டே மதிப்பிடப்பட்டதால், புழுதியைப் பெருக்குவதே எளிய வழியாயிற்று. எரிபொருள் புகையில் மிகுந்துள்ள, நுரையீரலுக்குள் ஆழமாக ஊடுருவும் பி.எம். 2.5 துகள்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

மறுபுறம், மின்துறை அமைச்சராக இருந்த ஆர்.கே. சிங் கொண்டு வந்த எரிசக்திப் பாதுகாப்பு (திருத்த) மசோதா, 2022 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதன் அடிப்படையில் 2023-இல் கார்பன் வர்த்தகத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்டது. இலக்கு விதிப்பதற்கெனத் தேர்வான துறைகளில் சிமென்ட், இரும்பு, உரம், பெட்ரோலியச் சுத்திகரிப்பு உள்ளிட்டவை உண்டு. மருந்துத் துறை இல்லை. இலக்கும் ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் அமைகிறது. எனவே, உற்பத்தி பெருகினால் மொத்த உமிழ்வு கூடவும் வாய்ப்புண்டு.

அறிவியலில் குறைவில்லை. கழிவுநீரிலிருந்து நுண்ணுயிரிகளின் துணையுடன் ஹைட்ரஜன் பெறுவது குறித்து, ஹைதராபாதில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியவர் எஸ். வெங்கட மோகன். 2014-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர். ஆனால், சட்ட நிர்பந்தமோ விலை ஆதாயமோ இல்லாதவரை, இத்தகைய முறைகளுக்கு மாற ஆலைகள் முன்வருவது கடினம்.

இது தெலங்கானாவின் கவலை மட்டுமல்ல. சென்னை மணலியும் அதே 2009 பட்டியலில் இருந்த பகுதிதான். அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கார்பன் திட்டத்துக்குரிய துறைகளைச் சேர்ந்தவை. எனினும், அங்கும் கரியமில வாயுவுக்கு ஒரு கணக்கு, கந்தகப் புகைக்கு வேறொரு கணக்கு.

ஆலை இயங்குவதற்கான ஒரே அனுமதியில் இரு வரம்புகளையும் சேர்க்க அமைச்சகங்கள் முன்வருமா? நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி இது.