‘விட்டாச்சா?’ என்று கேட்டால் மட்டும் போதுமா?

மீட்பு மையத்திலிருந்து ஒருவர் வீடு திரும்பினால், சொந்தபந்தங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ‘‘சுத்தமா விட்டாச்சா?’’

ஆமாம் என்றால் சிகிச்சை வெற்றி. இல்லை என்றால் ‘கொட்டின பணமெல்லாம் தண்டம்!’ நடுவில் எதுவும் கிடையாது. ஹெராயின், அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் விஷயத்தில் இந்த ஒற்றைக் கேள்வி பல நேரம் தப்புக் கணக்காகிவிடுகிறது. சில நேரம் அந்தத் தப்புக் கணக்குக்கு விலை, ஓர் உயிர்.

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் நடந்த ஓர் ஆய்வு இதைப் பளிச்செனக் காட்டியது. 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை இருபது இருபதாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை, ஓராண்டு முழுக்க. இன்னொரு குழுவுக்கு அதே மருந்தை ஆறே நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கவனித்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது. கவுன்சலிங், குழுப் பயிற்சி, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் இரண்டு குழுவுக்கும் ஒன்றுபோலவே கிடைத்தன.

ஆண்டு முடிவில் மருந்துக் குழுவில் 15 பேர் சிகிச்சையில் தொடர்ந்தார்கள். டம்மி மாத்திரைக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த 20 பேரில் நான்கு பேர் உயிரோடும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் ஒரு மரணமும் இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. சிகிச்சையில் நிலைத்தவர்களிடம் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனைகளில், சுமார் நான்கில் மூன்றுதான் சுத்தமாக இருந்தன. மீதியில் போதைப்பொருள் தென்பட்டது. ‘சுத்தமா விட்டாச்சா?’ என்ற அளவுகோலை வைத்தால், அவர்களில் சிலர் ‘ஃபெயில்’. ஆனால், அவர்கள் உயிரோடு இருந்தார்கள். மருத்துவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்.

நிறுத்துவதில் என்ன ஆபத்து?

தினமும் ஹெராயின் எடுக்கும் உடம்பு அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால், ஆசை போவதில்லை. ஒருநாள் சறுக்கி, பழைய அளவையே எடுக்கும்போது மூச்சு நின்றுபோகிறது. மையத்தை விட்டோ சிறையை விட்டோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் ஆபத்தானவை என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

‘அந்த மாத்திரையும் ஒரு போதைதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே இடங்களில்தான் புப்ரெனார்ஃபினும் ஒட்டுகிறது. ஆனால் மெதுவாக, நீண்ட நேரத்துக்கு. அதனால் நடுக்கம், வலி, தவிப்பு அடங்குகின்றன. ஹெராயின் தரும் உச்சம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் மெக்லெல்லனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000-ல் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தியதும் பிரஷர் ஏறினால், ‘பார்த்தீர்களா, மாத்திரை எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது!’ என்கிறோம். போதை சிகிச்சையை நிறுத்தியதும் பழக்கம் திரும்பினால் மட்டும், ‘சிகிச்சையே வேஸ்ட்’ என்கிறோம். ஒரே விஷயத்துக்கு ஏன் இரண்டு தராசு?

சரி, எப்படித்தான் அளப்பது?

இங்கிலாந்தில் 2007 முதல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு படிவம் நல்ல உதாரணம். மொத்தம் 20 கேள்விகள்தான். எல்லாமே கடந்த 28 நாட்களைப் பற்றியவை. எத்தனை நாள் போதைப்பொருள் எடுத்தீர்கள்? எத்தனை நாள் ஊசி போட்டீர்கள்? அடுத்தவர் ஊசியைப் பயன்படுத்தினீர்களா? திருடினீர்களா? எத்தனை நாள் சம்பள வேலைக்குப் போனீர்கள்? தங்க இடம் இருக்கிறதா? உடம்புக்கும், மனதுக்கும், வாழ்க்கைக்கும் பூஜ்யத்திலிருந்து இருபதுக்குள் நீங்களே எத்தனை மார்க் தருவீர்கள்?

சிகிச்சை தொடங்கும்போது ஒருமுறை, சில மாதங்கள் கழித்து மறுபடி ஒருமுறை இதே கேள்விகள். 28 நாளும் ஹெராயின் எடுத்தவர் இப்போது நான்கு நாள் எடுக்கிறார், பத்து நாள் வேலைக்குப் போகிறார் என்றால், அது தோல்வி அல்ல. பாதி வழி வந்துவிட்டார் என்று அர்த்தம். நோயாளி பொய் சொல்லலாமே என்றால், சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. ஆனால், ஹெராயின் விஷயத்தில் அது காட்டுவது கடைசி சில நாட்களை மட்டும்தான். வேலையையும் வீட்டையும் அது காட்டாது.

சிகிச்சைக்கு இடம் தேடும் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ‘எங்களிடம் வந்தவர்களில் 90 சதவிகிதம் குணம்’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்தக் கணக்கு சேர்ந்த எல்லோரையும் வைத்தா, இல்லை கடைசி வரை இருந்தவர்களை மட்டும் வைத்தா? வெளியே போய் எத்தனை மாதம் கழித்துப் பார்த்தீர்கள்? நடுவில் போனவர்கள் இப்போது எங்கே? பாதியில் போனவர்களைக் கழித்துவிட்டால் எந்த மையமும் நூறு மார்க் வாங்கிவிடும்!

இந்தியாவிலும் அரசு மையங்கள் வழியே புப்ரெனார்ஃபின் சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது. வீட்டார் வற்புறுத்தலுக்காகத் திடீரென நிறுத்தவும் கூடாது. போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச உதவி எண்: 14446.

வீடு திரும்பியவரிடம் ‘விட்டாச்சா?’ என்று கேட்டால், பயத்தில் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘‘போன மாசத்துக்கு இந்த மாசம் எப்படிப்பா இருக்கு? டாக்டர்கிட்ட அடுத்து எப்போ போகணும்? கூட வரட்டுமா?’’ என்று கேட்டுப் பாருங்கள். சறுக்கினாலும், அதை வீட்டில் சொல்லலாம் என்ற தைரியம் வரும்.