புருவம் திருத்தப் போனால் சீரம் வாங்கணுமா?

த்ரெடிங் செய்யும்போது நம் கைகள் நம் வசம் இருப்பதில்லை. ஒரு கை இமையை இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கை புருவத்துக்கு மேலே நெற்றியை. நூல் இழுக்கும் இழுப்பில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள்: "ஸ்கின் ஏன் மேடம் இவ்ளோ டல்லா இருக்கு? வெயில்ல நிறைய அலைவீங்களோ? டீ-டேன் போட்டுடட்டுமா?"

வேண்டாம் என்றால் மூக்கின் கரும்புள்ளிக்குப் போவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் முடி உதிர்வு. ஐம்பது, அறுபது ரூபாய் வேலைக்கு உள்ளே போனவர், ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஃபேஸ் வாஷும் சீரமும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். ஆண்கள் சலூனிலும் இதே கதைதான். "அண்ணா, மண்டையில பொடுகு ஏகப்பட்டது" என்று ஆரம்பித்து ஸ்பா பேக்கேஜில் முடியும்.

'வேண்டாம்னு சொல்லிட்டு வர்றதுதானே' என்பவர்கள், கழுத்தில் துணி கட்டி, பாதித் தலை வெட்டிய நிலையில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழும்படி நம் முகத்தைக் குறை சொன்னால் வாய் எழுவதில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும் பெண்ணிடம் "இப்பவே ஆரம்பிச்சாதான் மேடம்" என்றால், கூட வந்த அம்மா பர்ஸைத் திறந்துவிடுவார்.

சொல்லும் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அடிப்படைச் சம்பளம் சொற்பம். மாதம் இவ்வளவுக்குப் பொருள் விற்றாக வேண்டும் என்று பல கடைகளில் டார்கெட் வைக்கிறார்கள். விற்றால் இன்சென்டிவ், விற்காவிட்டால் மேனேஜரிடம் பேச்சு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் விற்பனைப் பிரதிநிதியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்க வேண்டியது முதலாளியை.

கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளோ சேவையோ தேவை என்றும் பயன் தரும் என்றும் பொய்யாகவோ திசைதிருப்பும்படியோ சொல்வதை முறையற்ற வணிக நடைமுறையில் சேர்க்கிறது. பில் தராமல் இருப்பதும் அதில்தான் வருகிறது. இல்லாத பொடுகைக் காட்டி ஷாம்பு விற்பது இதில் சேராதா என்ன? வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசு 2023 நவம்பரில் இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. வாடிக்கையாளரைக் கூச வைத்து வாங்கச் செய்வது, கேட்காததைக் கணக்கில் நுழைப்பது, 'இன்றைக்கு மட்டும்தான்' என்று பொய் அவசரம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. செல்போன் திரை செய்யக் கூடாததை நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் தாராளமாகச் செய்கிறார்.

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. லேபிள் இல்லாத சிறு டப்பாவில் 'எங்க ஸ்பெஷல் நைட் க்ரீம்' என்று கொடுப்பதுதான் பயம். கேரளத்தின் மலப்புரத்தில் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். சந்தேகம் போனது க்ரீமில் இருந்த பாதரசத்தின் மேல். தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை இவை அச்சிடாத எதையும் முகத்தின் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள்.

நாற்காலியில் உட்காரும் முன்பே "த்ரெடிங் மட்டும், வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவது கொஞ்சம் உதவும். கேட்காத பேக்கோ மசாஜோ பில்லில் ஏறியிருந்தால், கவுன்ட்டரிலேயே நீக்கச் சொல்லுங்கள். கூட்டம் பார்க்கிறதே என்று விடாதீர்கள். மறுத்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. முன்பணம் கட்டிய மெம்பர்ஷிப்காரர்களுக்கு இது முக்கியம். கடை திடீரென்று பூட்டிக்கொண்டால் கையில் இருப்பது அந்த ரசீது மட்டும்தான்.

ஆனால் அறுபது ரூபாய் வேலைக்குப் போனவர் ஒவ்வொரு முறையும் புகார் எழுதிக்கொண்டிருக்க முடியாது. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர்; ஆண்டுக்கு இருமுறையாவது அது கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளட்டும். சேவைக்கும் பொருளுக்கும் தனித்தனி விலைப்பலகை வாசலில் வைக்கச் சொல்ல வேண்டும். கூடுதலாக எதைப் பூசுவதாக இருந்தாலும் விலையைச் சொல்லி, ஒப்புதல் வாங்கியபின் தொடங்க வேண்டும். பார்லர் அலமாரிகளில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பொருள் விற்காத மாதம் ஊழியரின் சம்பளத்தில் கைவைப்பதைத் தொழிலாளர் துறை விசாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கையும் நாலு திடீர் சோதனையும் போதும்.