'வெறும் கேஸ்' என்ற வாதம்

கோட்டூர்புரம் நண்பர் வாதிடுகிறார்: "ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலியும் வந்து வந்து போகிறது. வெறும் கேஸ். லேப்ராஸ்கோப்பி காசு பிடுங்கத்தான்."

வந்து போகும் அந்த வலிக்குத்தான் நான் பயப்படச் சொல்கிறேன். அது உட்குடலிறக்கமாக இருக்கலாம்; அதில் வெளியே புடைப்பு தெரியாது. குடல் உள்ளுக்குள்ளேயே ஓர் இடுக்கில் நுழையும், சில சமயம் தானே விடுபடும். விடுபட்ட நேரத்தில் எடுத்த சி.டி. எதைக் காட்டும்? வலிக்கும்போது எடுத்தால் குடல்தாங்கியின் ரத்தக்குழாய்கள் சுழல்போல் முறுக்கியிருப்பது தெரியலாம். அப்போதும் சிலருக்குப் பிடிபடாது.

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து அதிகம். உள்கொழுப்பு கரையக் கரைய இடுக்குகள் அகலும். 2016-ல் லான்செட்டில் வந்த, 2,507 பேரை வைத்துச் செய்த ஸ்வீடன் ஆய்வில், பைபாஸின்போதே இடுக்குகளைத் தைத்து மூடியவர்களுக்கு 3 ஆண்டுகளில் குடலடைப்புக்கான மறு அறுவை 5.5 சதவீதம், மூடாதவர்களுக்கு 10.2.

செலவு குறித்த கோபம் நியாயம்தான். இன்னொரு சர்ஜனைக் கேளுங்கள், ஆனால் அன்றே கேளுங்கள். இடுக்கில் சிக்கி ரத்தம் நின்ற குடல் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையோ தனியாரோ, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள். பைபாஸ் ஆனதை முதலில் சொல்லுங்கள்.