கைப்பிடியிலிருந்து தொடங்குவோம்

வீட்டு அலமாரியை ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒவ்வொரு முறையும் நம் கை தொடுவது அதன் கைப்பிடியை மட்டும்தான். பலகை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிடி ஆடினாலோ விரலைக் கீறினாலோ அலமாரியின் மீதே எரிச்சல் வருகிறது. இந்தச் சிறு பொருளை மரத்தில், தன் கையாலேயே செய்யும் பயிற்சி ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும் என்பது என் கருத்து. கெடாவில் வளர்ந்த நமக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும்.

காரணம் நம் தோட்டங்களில் இருக்கிறது. பீடோங், பாடாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால் மரம் வெட்டிய கத்திக்கு 'உளி' என்றே பெயர். தச்சர் கையில் இருப்பதும் உளிதான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படையில் உளி பட்டால் மரத்தில் புண் விழும். மேலோடு நின்றுவிட்டால் பால் குறையும். விடிவதற்கு முன்பே, அரை இருட்டில், மில்லிமீட்டர் கணக்கில் அவர்கள் கை அந்த அளவை அறிந்திருந்தது. அவ்வளவு நுணுக்கமான திறனுக்கு 'கூலி வேலை' என்ற ஒரே பெயர்தான் கிடைத்தது.

மரத்தின் கதையும் அப்படித்தான். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். நெடுங்காலம் அந்தக் கட்டை வெறும் விறகு. 1960-களின் பிற்பகுதியில், கெடாவை ஒட்டிய பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலைக்கு அது கரியாகப் போனது. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடிப்பதும் வண்டு துளைப்பதும் அதன் குறைகள். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980-களில் அதே கட்டை 'மலேசியன் ஓக்' என்ற பெயரில் மேசை நாற்காலியாகி உலகச் சந்தைக்குப் போனது. விறகு என்று ஒதுக்கியது, முறை தெரிந்ததும் பொருளாயிற்று.

இனி கைப்பிடிக்கு வருவோம். தளவாடப் பட்டறையில் கழிவாகக் கிடக்கும், பதப்படுத்திய ரப்பர் மரத்துண்டு ஒன்றே போதும். தோட்டத்தில் புதிதாகச் சாய்த்த மரம் வேண்டாம், வண்டு விடாது. துண்டு 150 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 35 மி.மீ. உயரம் இருக்கட்டும். கடையில் விற்கும் பிடிகளின் திருகாணி இடைவெளி பெரும்பாலும் 96 அல்லது 128 மி.மீ.; இரண்டும் 32-இன் மடங்குகள். 96 என்று வைத்துக்கொண்டால், இரு முனைகளிலிருந்தும் 27 மி.மீ. தள்ளித் துளையிட வேண்டும். பிடிக்கு 12 மி.மீ. கனம் விட்டுக் கீழே குடைந்தால், விரல் நுழைய 23 மி.மீ. கிடைக்கும். கணிதப் பாடத்துக் கழித்தலும் வகுத்தலும் இங்கே கைக்குள் வந்துவிடுகின்றன.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. மரத்தின் நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நாலு முறை இழுத்ததும் முறியும். உள்மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைவாக விடவேண்டும். சதுர மூலையில்தான் விசை குவிந்து வெடிப்பு தொடங்கும். திருகாணியைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் போடாவிட்டால் மரம் பிளக்கும். பிறகு அரம், அதன் பிறகு 80, 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள். நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கடைசியில் கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தப்பாது. ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள்.

"கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பிடிக்கு இரண்டு நாள் வீணாக்குவதா?" என்று கேட்கலாம். பிடி வேண்டுமென்றால் கடைக்குப் போவதே மலிவு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாரின் ஓட்டத்தைப் பார்ப்பதும், வெட்டுவதற்கு முன் இருமுறை அளப்பதும், கெட்டுப்போன துண்டை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குவதும் கடையில் கிடைப்பதில்லை. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுபவருக்கும் மரம் எந்தப் பக்கம் பிளக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த மாணவன் ஒருவன் மரவேலைப் பயிற்சியில் சேர விரும்பியபோது, அவன் அப்பா, "கைவேலைக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ட கைவேலை, பிரட்டுக்கு ஓடியது, மழை பெய்தால் சம்பளம் இழந்தது, தோட்டம் விற்கப்பட்டபோது வீட்டையும் விட்டது. தம் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைப்பதில் தவறில்லை. நம் தளவாடத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெருமளவில் இருக்கிறார்கள்; அங்கே குறைந்த சம்பளத்துக்குப் போய் நில்லுங்கள் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் அவரைத் தாழ்த்தியது கைவேலை அல்ல. அந்த வேலைக்கான விலையை, நேரத்தை, வடிவத்தை முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லாமல் போனதுதான். வடிவத்தை நீயே வரைந்து, மரத்தை நீயே தேர்ந்து, குறையை நீயே கண்டு திருத்தும்போது, அது வேறு வேலை. மலேசியத் திறன் சான்றிதழும் முதல் நிலையோடு முடிவதில்லை. நான்காம், ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை போகிறது. தேர்வில் தோற்றவர் ஒதுங்கும் இடம் திவெட் என்ற எண்ணத்தை நாம் விட வேண்டும்.

கல்வியாளர்கள் இதை எப்போதோ கண்டுவிட்டார்கள். ஃபின்லாந்தில் 1866-ஆம் ஆண்டே கைவேலை பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றது. சுவீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சலமோன் 1870-களில் தொடங்கிய 'ஸ்லாய்டு' பயிற்சியில், சுத்தியல் பிடியும் கோடாரிப் பிடியும் மாணவர் செய்யவேண்டிய பொருள்களாக இருந்தன. அவர்களைத் தச்சராக்குவது நோக்கமல்ல. கவனமும் தன்னம்பிக்கையும் வளர்ப்பதே நோக்கம். 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பலர் கருவியைத் தொடுவதே நின்றுவிடுகிறது. கெடாவிலுள்ள பள்ளிக் கழகங்களும் இளைஞர் மன்றங்களும் மாதம் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தாமே பிடி போட்டுப் பழகிய பெரியவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பேச்சாளராக அல்ல, ஆசிரியராக அழையுங்கள்.

மாணவர்களே, வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மரத்துண்டு தேடிப் பிடியுங்கள். முதல் பிடி கோணலாகத்தான் வரும். இரண்டாவதைச் செய்யுங்கள். அதை வீட்டு அலமாரியில் மாட்டிவிட்டு, அப்பாவையே முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.