கிழவர் வேடமும் அப்பத்தாவின் கேள்வியும்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் இருக்கும். பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் கேட்கத் தொடங்கினால், முடிய விடிந்துவிடும். சின்ன வயதில் அப்பத்தா விரித்த சாக்கில் உட்கார்ந்து எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

முருகன் வேடனாக வருவார், வேங்கை மரமாக நிற்பார், பிறகு கிழவராக வந்து தினைமாவும் தண்ணீரும் கேட்பார். கடைசியில் அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்துபோய்க் கிழவரையே கட்டிக்கொள்வாள். கூட்டம் சிரிக்கும். அப்பத்தா மட்டும், "அவ மனசுல அவனத்தான நெனச்சுக்கிட்டு இருக்கா, நேரா வந்து கேட்டா என்னவாம்?" என்பார்.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' படித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. கப்பல் உடைந்து அந்நிய நாட்டில் ஒதுங்கிய வயோலா, ஆண் வேடத்தில் ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவர்மேல் காதல். அவரோ அவளையே ஒலிவியாவிடம் தூது அனுப்புகிறார். ஒலிவியா, தூது வந்த 'இளைஞனை' விரும்பிவிடுகிறாள்! (இந்தக் கதைதான் 1949-இல் ஜூபிடர் எடுத்த 'கன்னியின் காதலி'. கண்ணதாசன் முதன்முதலில் பாட்டெழுதிய படம். அதற்கு முன் அவர் நம் புதுக்கோட்டையில் 'திருமகள்' பத்திரிகையில் இருந்தவர்.)

வயோலா பிழைப்புக்காக வேடம் போட்டவள். அந்த வேடத்தால் அதிகம் தவிப்பதும் அவள்தான். முருகனுக்கு அப்படி என்ன நெருக்கடி? ஆன்மாவை இறைவன் சோதிக்கிறான் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். நானும் முருக பக்தன்தான். ஆனால் மேடையில் தெரிவது, பயமுறுத்திச் சம்மதம் வாங்கப்படும் ஒரு பெண்.

அப்பத்தாவின் கேள்விக்கு நாடகத்துக்குள்ளேயே ஒரு பதில் இருந்தது என்பது என் கட்சி. அதுதான் வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டுகள் ஒருபுறம் இருக்க, நடிகர்கள் தாங்களாகவே கேள்வி போட்டு மடக்குவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவது வழக்கம். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. அவர் அடுத்து என்ன கேட்பார் என்று அந்த அம்மாளுக்கு உண்மையாகவே தெரியாது. நீ யார், எந்த ஊர், தனியாக இருக்கும் பெண்ணிடம் உனக்கு என்ன பேச்சு என்று அவர் திருப்பிக் கேட்கும்போது பெண்கள் பக்கமிருந்து விசில் வந்ததை நானே கேட்டிருக்கிறேன். முருகன் வாயடைத்து நிற்பார். அதற்குப் பிறகுதான் யானை. அப்படி வந்தால் எனக்கும் சிரிப்பு வரும்.

இப்போது தர்க்கத்தை வெட்டிவிட்டு சினிமாப் பாட்டும் பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சும் நுழைகின்றன. போன வருடம் பக்கத்து ஊரில் பார்த்த நாடகத்தில் தர்க்கம் இருபது நிமிடம்கூட இல்லை. பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த ஒரு ஆயா விழித்துப் பார்த்து, "அதுக்குள்ளயா கெழவன் வந்துட்டான்?" என்று கேட்டுவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.