அடுத்த வீட்டுக்காரர் பெயர் என்ன?

விமான நிலையத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அப்பா புத்தி சொல்கிறார்:

"போன இடத்தில் ஒழுங்காகப் படி. யாரோடும் ரொம்பப் பழகாதே. நீ உண்டு, உன் படிப்பு உண்டு என்று இரு."

பையன் தலையை ஆட்டுகிறான். விமானம் ஏறுகிறான்.

இந்தப் புத்திமதியில் பாதி சரி. பாதி தவறு.

ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அதனால் இந்தியர்கள் ஏராளமாகப் போகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கு படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49 ஆயிரம் பேர். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களுக்கே முதல் இடம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

போனதும் என்ன நடக்கிறது? நாலு தமிழ்ப் பையன்கள் ஒரே வீட்டில் சேருகிறார்கள். சாம்பார் கொதிக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால், ஜெர்மன் மொழி கற்பது "அடுத்த மாதம்" என்று தள்ளிப்போகிறது. இரண்டு வருஷம் ஓடுகிறது. பட்டம் கைக்கு வருகிறது. எதிர்வீட்டுக் கிழவர் பெயர் மட்டும் தெரியாது!

சாம்பார் குற்றமல்ல. ஊர்க்காரன் துணையும் வேண்டியதுதான். ஆனால் படிப்பு முடிந்தபின் வேலை தேட அந்நாடு கொடுக்கும் அவகாசம் ஒன்றரை வருஷம். பல கம்பெனிகள் ஜெர்மன் பேசத் தெரியுமா என்று கேட்கின்றன. புத்தகத்தில் மட்டும் படித்த மொழி அப்போது வாயில் வராது. அதைவிட முக்கியம், காய்ச்சலில் படுத்துவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

சங்கம் இருக்கிறது

ஜெர்மானியர் வழியில் நின்று ஊர்க்கதை பேசுவது குறைவு. ஆனால் சங்கம் வைப்பதில் சூரர்கள். கால்பந்து, சதுரங்கம், கூட்டுப்பாட்டு, தோட்டம் - எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. தீயணைப்பு வீரர்களிலும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். நாடு முழுவதும் அவர்கள் சுமார் 10 லட்சம் பேர். கூடப் பந்து விளையாடுகிறவனிடம் பேச்சு தானாக வரும்.

ஊர் வழக்கமும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே அமைதி நாள். சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். நிறத்தைப் பார்த்து முறைக்கிறவர்களும் இருக்கிறார்கள்; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆணி அடித்ததற்கு முறைப்பது வேறு.

காந்தி செய்தது

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, முதலில் வெள்ளைக்காரரைப் போல ஆகப் பார்த்தார். உயரமான தொப்பி வாங்கினார். நடனம் கற்றார். பிடில் வாசிக்கவும் முயன்றார். சுமார் மூன்று மாதத்தில் அந்த மோகம் தீர்ந்தது.

அவருக்கு நண்பர்களைத் தந்தது தொப்பி அல்ல, மரக்கறிச் சாப்பாடு! சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். அதன் நிர்வாகக் குழுவிலும் இடம்பெற்றார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டரில் ஒரு சிறிய சைவ உணவுக் கழகத்தைத் தொடங்கி, செயலாளர் வேலை பார்த்தார். ஆங்கிலேயரான ஓல்டுபீல்டு அதற்குத் தலைவர். கழகம் சில மாதங்களில் மூடப்பட்டது. ஓல்டுபீல்டின் நட்பு நிலைத்தது.

காந்தி தம் வழக்கத்தை விடவில்லை. அதை வைத்தே ஊராரோடு சேர்ந்து வேலை செய்தார்.

உள்ளூர்க்காரருக்கும் இதில் பங்கு உண்டு. விழா நாளில் மட்டும் இந்திய மாணவியை அழைத்து, சேலை கட்டி ஆடச் சொல்வது போதாது. நாற்காலி போடவும் கணக்கு எழுதவும் அவளைக் கூப்பிட வேண்டும். விருந்தாளி ஒருநாள் வந்து போவாள். வேலையில் பங்குள்ளவள் மறுவாரமும் வருவாள். முன்னே போன மாணவர்களும், புதிதாக வருகிறவனுக்கு அறை பார்த்துக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு சங்கத்துக்குக் கையோடு அழைத்துப் போகலாம்.

ஊரில் இருக்கும் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அதோடு, "அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர் பெயர் என்ன?" என்றும் கேட்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பையன் விசாரித்து வைத்திருப்பான்.