விறகடுப்பைத் தடுக்கிறவரின் கடமை

காரைக்காலில் வீடு வாடகைக்குப் பேசும்போது முன்பணம், கரண்ட் பில், தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "விறகடுப்பு மட்டும் மூட்டக் கூடாது" என்று முடிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அந்த நிபந்தனை நியாயமானது. ஆனால் அதைச் சொன்னதோடு வீட்டுக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. விறகைத் தடுக்கிறவர், குடியிருப்பவருக்கு கேஸ் இணைப்பு கிடைக்கவும் வழிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தடை நிலைக்கும்.

முதலில் தடையின் நியாயத்தைப் பார்ப்போம். இங்கே கைக்குக் கிடைப்பது சவுக்கு, சீமைக் கருவேலம், தென்னை மட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சவுக்குக் கட்டையை அடுப்பில் வைத்தால் வெட்டு முனையில் நுரை தள்ளும், தீப்பிடிக்காமல் புகையும். சூடெல்லாம் ஈரத்தை உலர்த்தவே போய்விடுவதால் விறகு அரைகுறையாக எரிகிறது. கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் அப்போதுதான் அதிகம் கிளம்புகின்றன. வாடகைக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் சமையலறைக்கு இருப்பது ஒரு சின்ன ஜன்னல். மேலே கான்கிரீட் தளம். புகை தளத்தில் முட்டித் திரும்புகிறது. தளம் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் பிசுபிசுவென்று கறுக்கும். மேலே வெள்ளையடித்தாலும் கறை கசிந்து வெளியே வரும். சுவரைவிடப் பெரிய சேதம் நெஞ்சுக்கு. வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். லைன் வீட்டில் ஒருவர் மூட்டும் புகை, பக்கத்து வீட்டுத் தொட்டில் வரைக்கும் போகும்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் விறகில்தானே சமைத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சமைத்தார்கள், ஆனால் அந்த அடுப்படியின் அமைப்பே வேறு. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியே புகை வெளியேறும். புகைபோக்கி வைத்த வீடுகளும் இருந்தன. நெல் அவிப்பது போன்ற பெரிய வேலைகள் கொல்லையில் நடக்கும். அப்படியும் புகையின் விலையைக் கண்ணாலும் மூச்சாலும் கொடுத்தவர்கள் பெண்கள்தான். அந்த வீட்டின் காற்றோட்டத்தை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் கான்கிரீட் அறைக்குள் கொண்டுவருவதை மரபு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இன்னும் ஏன் விறகு எரிகிறது? ருசிக்காக எரிப்பவர்கள் கொஞ்சம். வேறு வழியில்லாமல் எரிப்பவர்களே அதிகம். கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வரி வரும், பின்னால் உரிமை கொண்டாடுவார்கள் என்று அஞ்சி, வாய்ப்பேச்சிலேயே வீட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விறகும் கூடாது, கையெழுத்தும் கிடையாது என்றால் அந்தக் குடும்பம் எதில் உலை வைக்கும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய, ஏழைகளுக்கான உஜ்வலா கேஸ் இணைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், இடம்பெயர்ந்து வாழும் ஏழைக் குடும்பங்கள் முகவரிச் சான்றுக்குப் பதிலாக உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கவும் வழியுண்டு. ஒரு பெரிய சிலிண்டருக்கான பணத்தை மொத்தமாக எடுத்துவைக்க முடியாத நாள்கூலிக் குடும்பத்துக்கு இது உதவும். குடியிருப்பவருக்கு இதை எடுத்துச் சொல்ல வீட்டுக்காரருக்குச் செலவு ஏதுமில்லை.

"என் வீடு, என் விருப்பம், குடித்தனக்காரரின் அடுப்புக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" என்பது வீட்டுக்காரரின் கேள்வி. பத்திரம் அவரையும்தான் காக்கிறது. சுற்றியுள்ள நாகை, மயிலாடுதுறையில் செல்லும் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் காரைக்காலில் செல்லாது. இது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. இங்கே 1969-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கட்டடத்தின் மதிப்பைப் பெருமளவு குறைக்கும் செயலைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணமாக ஏற்கிறது. ஆனால் புகைக்கறை அந்த அளவுக்குச் சேதமா என்று வழக்காடிக்கொண்டிருப்பதைவிட, குடிவரும் நாளிலேயே மூன்று வரி எழுதிவிடுவது மேல். வீட்டுக்குள் விறகு மூட்டுவதில்லை. கேஸ் இணைப்புக்கு இந்தப் பத்திரத்தையே சான்றாகக் கொடுக்கலாம். வெந்நீருக்கும் விசேஷச் சமையலுக்கும் கொல்லையில் சுவரை விட்டுத் தள்ளி இன்ன இடத்தில் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். கொல்லை இல்லாத வீட்டில் மூன்றாவது வரி வேண்டியதில்லை. இரண்டாவது வரி எல்லா வீட்டுக்கும் வேண்டும். அதில் கையெழுத்துப் போடத் தயாராக இல்லாதவர், முதல் வரியை மட்டும் கேட்பது நியாயமாகாது.